ஐரோப்பா பேக்கேஜில் ட்ரியர்: ஊர் அருமை, கொடுத்த நேரம்தான் பத்தவில்லை

கோலாலம்பூர் ஏஜென்ட்டுகள் விற்கும் ஐரோப்பா பேக்கேஜ்களில் ஜெர்மனி என்றால் பெரும்பாலும் கொலோன் பேராலயத்தின் முன்னால் ஒரு படம், அப்புறம் ரைன் நதியில் ஒரு படகுச் சவாரி, அதோடு முடிந்துவிடும். கொலோனைக் குறை சொல்லவில்லை. 1248இல் அடிக்கல் போட்டு 1880இல் கட்டி முடித்த பேராலயம், 157 மீட்டர் உயரத்துக்கு இரண்டு கோபுரங்கள், யார் போனாலும் அண்ணாந்து பார்த்து நின்றுவிடுவார்கள். ஆனால் நாங்கள் எடுத்த பேக்கேஜில் பாரிஸ் முடிந்து லக்சம்பர்க் வழியாகக் கொலோனுக்குப் போகிற பாதையில் ட்ரியர் என்ற ஊரையும் அரை நாள் சேர்த்திருந்தார்கள். குழுவில் பாதிப் பேர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை. திரும்பி வந்த பிறகு வாட்ஸ்அப்பில் எல்லோரும் பேசிக்கொள்வது அந்த ஊரைப் பற்றித்தான். பாரிஸ் பற்றியும் சுவிஸ் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் நான் ட்ரியர் பகுதியை மட்டும் எழுதுகிறேன்.

மதிப்பெண் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் பத்துக்குப் பத்து. அங்கே எங்களுக்குக் கிடைத்த உள்ளூர் வழிகாட்டி அம்மாவுக்கு ஒன்பது. ஏஜென்ட் ஒதுக்கிய நேரத்துக்கு மூன்று, அதுவும் இந்த ஊரைப் பட்டியலில் சேர்த்தார்களே என்பதற்காக.

ட்ரியர், மோசல் நதிக்கரையில், லக்சம்பர்க் எல்லையை ஒட்டி இருக்கிற ஊர். ரோமானியப் பேரரசர் அகஸ்டஸ் காலத்தில், அதாவது கி.மு. 17 வாக்கில் உருவானது. ஜெர்மனியின் மிகப் பழைய நகரம் நாங்கள்தான் என்று சொல்லிக்கொள்கிற ஊர்களில் இதுதான் முதலில் வரும். 1984இல் 2000ஆம் ஆண்டு நிறைவு விழாவே கொண்டாடிவிட்டார்கள். நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டன்டைன் போன்ற பேரரசர்கள் இங்கே அரண்மனை கட்டி உட்கார்ந்து ஆண்டிருக்கிறார்கள். 1986இல் யுனெஸ்கோ இங்கிருக்கும் ரோமானியச் சின்னங்களையும் பேராலயத்தையும் பக்கத்துத் தேவாலயத்தையும் சேர்த்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் போட்டது. இவ்வளவு இருந்தும் ஊர் சின்னது. பெரிய சாலை, உயரக் கட்டடம் எதுவும் கிடையாது, முக்கியமானதை எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம்.

பஸ் எங்களைப் போர்ட்டா நீக்ரா பக்கத்தில் இறக்கிவிட்டது. கருகருவென்று முப்பது மீட்டர் உயரத்துக்கு நிற்கிற ரோமானியக் கோட்டை வாசல் அது. ஒரு காலத்தில் ஊரைச் சுற்றி இருந்த மதிலின் வடக்கு வாசல், மற்ற வாசல்கள் எல்லாம் போய்விட்டன, இது மட்டும் நிற்கிறது. பக்கத்தில் கிடைத்த மரத்தின் வளையங்களை எண்ணி, கி.பி. 170ஐ ஒட்டிக் கட்டியது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கல்லெல்லாம் முதலில் வெளிர் நிற மணற்கல், நூற்றாண்டுக் கணக்கில் அழுக்கும் புகையும் ஏறிக் கருத்துப்போனது.

வழிகாட்டி அம்மா முதலில் செய்தது எனக்குப் பிடித்திருந்தது. ஆண்டு, அரசன் பெயர் என்று ஆரம்பிக்காமல் எங்களைச் சுவரை ஒட்டி நிற்க வைத்து, கல்லும் கல்லும் சேரும் இடத்தில் இருக்கிற குழிகளைப் பார்க்கச் சொன்னார். விரல் நுழைகிற அளவுக்கு ஒழுங்கில்லாமல் குடைந்த குழிகள், சுவர் முழுக்க. இந்த வாசலைக் கட்டியபோது சுண்ணாம்போ காரையோ பூசவே இல்லை. கல்லைக் கல்லின் மேல் அடுக்கி, இரும்புக் கொக்கி போட்டு, கொக்கியைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றிப் பிடிக்க வைத்திருக்கிறார்கள். ரோமானியர் போன பிறகு இரும்புக்கும் ஈயத்துக்கும் விலை உண்டு, காவலுக்கு ஆள் இல்லை. ஊர்க்காரர்கள் கைக்கு எட்டிய வரைக்கும் குடைந்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். கொக்கி போன பிறகும் கல் அசையாமல் நிற்பது வெறும் எடையால்தான், சில கல் ஆறு டன் வரைக்கும் இருக்குமாம். அப்புறம் அரைத் தூண்களைக் காட்டினார். பல இடத்தில் செதுக்கி முடிக்காமல் கரடுமுரடாகவே விட்டிருக்கிறார்கள், அதாவது இந்த வாசலை ரோமானியர் முழுமையாகக் கட்டி முடிக்கவே இல்லை.

சரி, மற்ற வாசல்களை எல்லாம் கல்லுக்காக உடைத்துக்கொண்டு போனவர்கள் இதை ஏன் விட்டார்கள்? சிமியோன் என்ற கிரேக்கத் துறவிதான் காரணம். பதினொன்றாம் நூற்றாண்டில், பொப்போ என்ற பேராயரோடு இந்த ஊருக்கு வந்தவர், வாசலின் கிழக்குக் கோபுரத்துக்குள் தன்னை வைத்துச் சுவர் எழுப்பச் சொல்லி அங்கேயே தவம் இருந்து 1035இல் இறந்துபோனார். அவரைப் புனிதர் ஆக்கினார்கள். பொப்போ அந்த வாசலையே அவர் பெயரில் தேவாலயமாக மாற்றினார், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு தேவாலயம். கோயிலை யார் இடிப்பார்கள்? கிட்டத்தட்ட எண்ணூறு வருஷம் அது கோயிலாகவே இருந்து பிழைத்துக்கொண்டது. பிறகு நெப்போலியன் 1804இல் வந்து பார்த்து, தேவாலயப் பகுதியை எடுத்துவிட்டு ரோமானிய வாசலை மீட்கச் சொன்னார். இப்போதும் கிழக்குப் பக்கம் அரைவட்டமாகத் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு பகுதி அந்தக் கோயிலின் மிச்சம். மேல் மாடியில் பதினெட்டாம் நூற்றாண்டுச் சிற்பங்களும் இருக்கின்றன. அதை நான் புத்தகத்தில் மட்டும்தான் பார்த்தேன், காரணம் கீழே சொல்கிறேன்.

இந்தக் கதையைக் கேட்ட பிறகு ஊரில் எதைப் பார்த்தாலும் இதே கேள்விதான் எனக்கு வந்தது: இது எப்படித் தப்பியது? ஒவ்வொன்றுக்கும் பதில் கிட்டத்தட்ட ஒன்றுதான். யாராவது ஒருவர் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார். பயன்பாட்டில் இருந்தது நின்றது, சும்மா கிடந்தது கல்குவாரி ஆனது. ஊருக்கு வெளியே இருபதாயிரம் பேர் உட்கார்ந்து பார்த்த ரோமானிய அரங்கு ஒன்று இருக்கிறது, அதன் இருக்கைக் கல்லெல்லாம் போய் வெறும் மண்சரிவாகத்தான் மிஞ்சியிருக்கிறது, இடைப்பட்ட ஒரு காலத்தில் அங்கே திராட்சைத் தோட்டமே போட்டிருந்தார்கள்.

பேராலயம் இன்னும் நல்ல உதாரணம். ஜெர்மனியின் மிகப் பழைய பேராலயம் இது. நடுப்பகுதி நான்காம் நூற்றாண்டு ரோமானியக் கட்டடம், ஃபிராங்குகளிடம் அடிபட்டு, 882இல் நார்மன்கள் வந்து கொளுத்தி, திரும்பவும் எழுப்பி, மேற்கு முகப்பைப் பொப்போ கட்டி, அதற்குப் பிறகும் ஒவ்வொரு நூற்றாண்டிலும் யாரோ ஒருவர் ஒரு துண்டைச் சேர்த்திருக்கிறார்கள். வடக்குப் பக்கம் போய் வெளிச்சுவரைப் பாருங்கள், ரோமானியச் செங்கல்லும் அதன் மேல் பிற்காலக் கல்லும் ஒட்டிக்கொண்டு இருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும். முன் வாசலில் பெரிய கருங்கல் தூண் துண்டு ஒன்று படுத்துக் கிடக்கிறது. உள்ளே ரோமானியர் காலத்தில் நின்ற நான்கு தூண்களில் ஒன்றின் மிச்சம். சாத்தானை ஏமாற்றி வேலை வாங்கினார்கள், உண்மை தெரிந்ததும் அவன் கோபத்தில் வீசிய கல் இது என்று ஊரில் கதை சொல்கிறார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது அதன் முதுகை. தலைமுறை தலைமுறையாகக் குழந்தைகள் ஏறிச் சறுக்கிச் சறுக்கிக் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாகிவிட்டது. எங்கள் குழுவில் கிள்ளானிலிருந்து வந்த அக்காவின் பேரன் ஏறியவன் இறங்கவே மாட்டேன் என்றான். யாரும் தடுக்கவில்லை, காவலாளி இல்லை, கயிறு கட்டவில்லை.

பேராலயத்தின் ஒரு கோபுரம் மட்டும் உயரமாக இருப்பதற்கும் காரணம் இருக்கிறது. சந்தைச் சதுக்கத்தில் ஊர் வணிகர்களின் தேவாலயம் தன் கோபுரத்தைப் பேராலயத்தைவிட உயர்த்திவிட்டது, பேராயர் பொறுக்காமல் தன்னுடைய கோபுரம் ஒன்றை மட்டும் உயர்த்தினார். உள்ளே இயேசுவின் அங்கி என்று நம்பப்படுகிற ஆடையைப் பாதுகாக்கிறார்கள், கான்ஸ்டன்டைனின் தாய் ஹெலனா கொண்டுவந்தது என்பது மரபு. எப்போதும் காட்ட மாட்டார்கள், கடைசியாக மக்கள் பார்வைக்கு வைத்தது 2012இல். அங்கி இருக்கும் சிற்றாலயத்தைத்தான் நாங்கள் தூரத்திலிருந்து பார்த்தோம். குழுவில் இருந்த கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று அங்கேயே மண்டியிட்டுவிட்டார்கள், டூர் லீடர் தம்பி பொறுமையாகக் காத்திருந்தார், அதற்கு அவருக்கு நன்றி. அந்தக் குடும்பத்து அண்ணன், அப்போஸ்தலர் தோமையாரின் கல்லறை இருக்கும் சென்னைச் சாந்தோமுக்கும் போய் வந்தவர், ஊருக்குத் தெற்கே புனித மத்தியாசின் கல்லறை இருக்கிறது, ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கே ஓர் அப்போஸ்தலரின் கல்லறையாக மதிக்கப்படுவது அது ஒன்றுதான் என்று தெரிந்ததும் அங்கேயும் போகலாமா என்று கேட்டார். அட்டவணையில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

பேராலயத்துக்கு ஒட்டியே லீப்ஃப்ராவன் தேவாலயம், பதின்மூன்றாம் நூற்றாண்டு, ஜெர்மனியின் முதல் கோத்திக் தேவாலயங்களில் ஒன்று, தரைப்படம் பன்னிரண்டு இதழ் ரோஜா போல. அதற்குள் ஐந்து நிமிடம்தான் கிடைத்தது.

என்னை அசத்தியது கான்ஸ்டன்டைனின் அரியணை மண்டபம். கி.பி. 310 வாக்கில் கட்டியது, 67 மீட்டர் நீளம், 33 மீட்டர் உயரம், உள்ளே ஒரு தூண் கிடையாது. அரசர் உட்கார்ந்த இடத்தை நோக்கிப் பார்த்தால், அங்கே இருக்கும் அரைவட்ட வளைவில் ஜன்னல்களைச் சிறிதாக்கியிருக்கிறார்கள், அதனால் மண்டபம் இன்னும் நீளமாகவும் அரசர் இன்னும் தூரத்திலும் இருப்பதாகக் கண் ஏமாறும். தரைக்கும் சுவருக்கும் உள்ளே சூடான காற்று ஓட வழி விட்டு மண்டபத்தைச் சூடாக்கியிருக்கிறார்கள். பிறகு வந்த பேராயர்கள் தங்கள் அரண்மனையைக் கட்ட இதன் இரண்டு சுவரை இடித்தார்கள், மற்ற சுவரை அரண்மனைக்குள்ளேயே சேர்த்துக்கொண்டார்கள், அதனால் அவை பிழைத்தன. பிரஷ்ய அரசர் அதைத் திரும்ப எழுப்பி 1856இல் புரோட்டஸ்டன்ட் தேவாலயமாகக் கொடுத்தார். 1944இல் குண்டு விழுந்து உள்ளே எல்லாம் எரிந்துபோனது. அதற்குப் பிறகு பூச்சு, ஓவியம் எதுவும் வைக்காமல் செங்கல் சுவரை அப்படியே விட்டுவிட்டார்கள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பேராலயத்துக்கும் இல்லை.

இந்த இடத்தில் நின்றபோது எனக்கு நம் கோலாலம்பூர் சென்ட்ரல் மார்க்கெட் நினைவு வந்தது. மீனும் காய்கறியும் விற்ற பழைய சந்தை, எண்பதுகளில் இடிக்கப் பார்த்தார்கள், பாரம்பரியத்தில் அக்கறை உள்ளவர்கள் போராடிக் கைவினைச் சந்தையாக மாற்றினார்கள், அதனால்தான் இன்றைக்கும் நாம் அங்கே போய் வருகிறோம். புடு சிறைக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை. 2010இல் சுவரை இடித்தார்கள், இப்போது அங்கே மால், முகப்பு வாசல் மட்டும் மிச்சம். எந்த வேலைக்காவது அந்தக் கட்டடத்தை வைத்திருக்கலாமே என்று எனக்கு இப்போதும் ஆற்றாமைதான்.

புடுவைச் சொன்னதற்கு வேறு காரணமும் இருக்கிறது. கார்ல் மார்க்ஸ் பிறந்த ஊர் ட்ரியர்தான். 1818 மே 5. எங்கள் குழுவில் செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார், பழைய தொழிற்சங்கக்காரர். இந்தப் பேக்கேஜையே அவர் எடுத்தது மார்க்ஸ் வீட்டுக்காகத்தான். வழிகாட்டி அம்மா போர்ட்டா நீக்ராவுக்குப் பக்கத்துச் சதுக்கத்தில் சீனா பரிசளித்த மார்க்ஸ் வெண்கலச் சிலையைக் காட்டினார், 2018இல் இருநூறாவது பிறந்தநாளுக்குத் திறந்தது, பீடத்தோடு சேர்த்து ஐந்தரை மீட்டர், நீளக் கோட்டும் கையில் புத்தகமுமாக நடந்து வருகிற தோற்றம். அதே வருஷம் பாதசாரிகளுக்கான சிக்னல் விளக்கில்கூட மார்க்ஸ் உருவத்தை வைத்திருக்கிறார்கள். பெரியவர் அதைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "தம்பி, எங்க காலத்துல இவரு படத்தை வீட்டுல வைக்கவே பயப்படுவோம். இங்க சிக்னல்லயே நிக்கிறாரு பாரு" என்றார்.

வீடு ப்ரூக்கன் தெருவில் 10ஆம் எண். சாதாரண மூன்று மாடி வீடு, முன்னால் ஒரு பலகை, தெரியாவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். குடும்பம் அங்கே இருந்தது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேலேதான், பிறகு போர்ட்டா நீக்ராவுக்குப் பக்கத்து வீட்டுக்கு மாறிவிட்டார்கள். 1928இல் சமூக ஜனநாயகக் கட்சி இந்த வீட்டை வாங்கியது, 1933இல் நாஜிகள் பறித்துத் தங்கள் பத்திரிகையை இதற்குள்ளேயே அச்சடித்தார்கள், போர் முடிந்து 1947இல் மார்க்ஸ் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். இதற்கும் டிக்கெட் பேக்கேஜில் இல்லை. பெரியவர் கைக்காசு போட்டு உள்ளே போனார், நானும் கூடப் போனேன். மார்க்ஸ் உட்கார்ந்து படித்த நாற்காலி இருக்கிறது, அதன் முன்னால் பெரியவர் நிறைய நேரம் நின்றார். வெளியே வந்ததும் எஸ்.ஏ. கணபதியைப் பற்றிப் பேசினார். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்துக்குத் தலைவராக இருந்த நம் தமிழர், 1949 மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டவர். மார்க்ஸ் பிறந்தநாளுக்கு முந்தைய நாள் என்று பெரியவர்தான் சொன்னார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு கணபதியின் பெயர் தெரியும்? ஒரு பேக்கேஜ் டூரில் இப்படி ஒரு உரையாடல் கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அதற்காகவே இந்த ஊருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

சாப்பாடு பற்றிக் கொஞ்சம். ஃப்ளீட்டன் என்று பொரித்த கோழி இறக்கை அந்த ஊர்க்காரர்களின் சாப்பாடு, பன்றியும் மாடும் தொடாதவர்கள் தாராளமாக வாங்கலாம், சில்லி சாஸ் பாக்கெட் கையில் இருந்தால் நல்லது. சைவத்துக்கு உருளைக்கிழங்கைத் துருவிப் பொரித்த அடை, ஆப்பிள் மசியலோடு கொடுப்பார்கள். மோசல் கரை முழுக்க ரீஸ்லிங் என்ற ஒயின் திராட்சைத் தோட்டம், குடிப்பவர்களுக்கு அதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி குறை. பட்டியலில் "ட்ரியர் நகரச் சுற்றுலா" என்று போட்டிருந்தார்கள். காலையில் வந்து சேர வேண்டிய பஸ், வழியில் ஃபேக்டரி அவுட்லெட் ஒன்றில் நின்று, கைப்பை வாங்குபவர்கள் வாங்கி முடித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தாண்டித்தான் ஊருக்குள் வந்தது. போர்ட்டா நீக்ராவுக்கு உள்ளே போக டிக்கெட் எடுக்கவே இல்லை, "வெளியிலிருந்து பார்வை" என்று சிறிய எழுத்தில் இருந்ததாம். மாடி ஏறிப் பார்க்க முடியாததற்குக் காரணம் அதுதான். பேரரசர்களின் குளியல் மண்டபத்தையும் வெளியிலிருந்துதான் பார்த்தோம். குளிப்பதற்காகக் கட்டத் தொடங்கி, முடிக்காமலே விட்டு, பிறகு படை தங்க மாற்றிய கட்டடம் அது, அடியில் நடந்து போகச் சுரங்க வழிகள் இருக்கின்றன, சிறுவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். ரோமானியப் பாலத்தைப் பஸ் ஜன்னலில் காட்டினார்கள். இரண்டாம் நூற்றாண்டுத் தூண்களின் மேல் இன்றைக்கும் கார் போகிறது, இறங்கிக் கரையில் நின்று பார்த்தால்தான் அந்தக் கருங்கல் தூண்களின் பருமன் தெரியும்.

எனக்கு அதிகம் வலித்தது, ரோமானியப் பொருள்களை வைத்திருக்கும் ரைனிஷெஸ் லாண்டஸ்மியூசியம் என்ற அருங்காட்சியகத்தைத் தவறவிட்டதுதான். 1993இல் கார் நிறுத்துமிடம் கட்டத் தோண்டியபோது 2,500க்கும் மேல் ரோமானியப் பொற்காசுகள், பதினெட்டரைக் கிலோ, ஒரே குவியலாகக் கிடைத்தன, அங்கேதான் வைத்திருக்கிறார்கள். மிளகுக்கு விலையாக நம் முசிறிக்கும் கரூருக்கும் வந்ததும் இதே ரோமானியக் காசுதான். 1898இல் புதுக்கோட்டைப் பக்கம் 501 பொற்காசு ஒரே இடத்தில் கிடைத்தது. தமிழர் குழுவைக் கூட்டிக்கொண்டு போகிற ஏஜென்ட் அவுட்லெட்டை விட்டுவிட்டு இதைக் காட்டியிருக்க வேண்டும். இதை நான் அவர்களுக்கு எழுதி அனுப்பியும் இருக்கிறேன், "அடுத்த குரூப்பில் பார்க்கிறோம்" என்று பதில் வந்தது.

பேக்கேஜ் எடுக்கிறவர்கள் பணம் கட்டும் முன்பே மூன்று விஷயம் எழுத்தில் கேளுங்கள்: போர்ட்டா நீக்ராவுக்கு உள்நுழைவு டிக்கெட் உண்டா, உள்ளூர் வழிகாட்டி உண்டா, இரவு ட்ரியரில் தங்கலா. ரோமானியச் சின்னங்களுக்கும் அருங்காட்சியகத்துக்கும் சேர்த்து அன்டிகன்கார்டு என்று ஒரே சீட்டு விற்கிறார்கள், தனித்தனியாக வாங்க வேண்டாம். அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், அட்டவணையில் கிழமையைப் பாருங்கள்.

சொந்தமாகப் போகிறவர்களுக்கு இன்னும் சுலபம். லக்சம்பர்க்கிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். லக்சம்பர்க்கில் 2020 மார்ச்சிலிருந்து பொதுப் போக்குவரத்து இலவசம், எல்லையில் இருக்கும் வாசர்பில்லிக் நிலையத்திலிருந்து ட்ரியர் வரைக்கும் மட்டும் டிக்கெட் எடுத்தால் போதும். நிலையத்தில் இறங்கிப் போர்ட்டா நீக்ராவுக்குப் பத்து நிமிட நடை. காலையில் போய்விடுங்கள், மதியத்துக்கு மேல் பஸ் கூட்டம் வந்துவிடும்.